சரிவுக்கேற்ற வீடு
(துணையலகு வடிவமைப்பில் ஒரு பயிற்சி)

வட்டத்தின் மேல் ஓடும் ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டென்பதை மேனிலைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கிடைத்தூரத்தையும் குத்துத்தூரத்தையும் நேரடியாகத் தொடர்புபடுத்திச் சமன்பாடு எழுதுவது ஒரு வழி. கோணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் கொசைனை ஆரத்தால் பெருக்கினால் கிடைத்தூரம், சைனைப் பெருக்கினால் குத்துத்தூரம் என்று எழுதுவது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் வரும் அக்கோணத்தைத் துணையலகு என்கிறோம். கோணத்தை மாற்றினால் புள்ளி நகர்கிறது. ஆரத்தை மாற்றினால் வட்டமே வேறாகிறது. எழுதி வைத்த சமன்பாடு மட்டும் மாறுவதில்லை. தேர்வு முடிந்ததும் நம்மில் பலர் மறந்துவிடும் இச்சிறு செய்திதான் இன்று கட்டடக்கலை மாணவர்கள் பழகும் ஒரு புதிய முறைக்கு அடிப்படையாக இருக்கிறது. அதனைத் துணையலகு வடிவமைப்பு என்று கூறலாம்.

பழைய முறையில் கட்டட வரைஞர் ஒவ்வொரு கோட்டையும் தம் கையால் வரைவார். சுவரை இரண்டு அடி நீட்ட வேண்டுமென்று வீட்டுக்காரர் சொன்னால், சன்னல், கதவு, கூரை எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப வரைய வேண்டும். புதிய முறையில் அவர் கோட்டை வரைவதில்லை. கோடுகளுக்கிடையே உள்ள உறவை எழுதுகிறார். 'சன்னலின் அகலம் சுவரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு', 'கூரை சுவரைத் தாண்டி இரண்டடி நீள வேண்டும்' என்றாற்போல. சுவரின் நீளத்தை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளும். இவ்வுறவுகளைக் கணிப்பொறிக்குப் புரியும் கட்டளைகளாக வரிசைப்படுத்தி எழுதுவதையே மாணவர்கள் 'ஸ்கிரிப்ட்' எழுதுதல் என்கின்றனர்.

கட்டடக்கலைக் கல்லூரியில் பயிலாத நமக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பட்டப்படிப்பில் கணிதமோ இயற்பியலோ பயிலும் எவரும் இதைச் செய்து பார்க்க முடியும் என்பது என் எண்ணம். கொல்லிமலையில் குண்டூர் நாட்டுச் சரிவு நிலங்களை மனத்திற்கொண்டு நான் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன், இம்முறை நமக்குப் புதியதன்று என்பதைச் சற்றுக் காண்போம்.

வாசலில் எழுதிய விதி

'ஏழு புள்ளி, நான்கு வரை, இடைப்புள்ளி' என்று ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குக் கோலம் சொல்லிக் கொடுக்கிறாள். இதில் படம் எதுவும் இல்லை. ஆயினும் கேட்டவள் நடுவில் ஏழு, அதன் இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று பிழையின்றிப் புள்ளி வைத்துவிடுகிறாள். மொத்தம் 37 புள்ளிகள். அதையே 'ஏழு புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி' என்றால் ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைந்து 25 புள்ளிகள் வரும். நடுவரிசை எண், இறுதிவரிசை எண், புள்ளியின் வகை ஆகிய மூன்றே துணையலகுகள். ஏழுக்குப் பதில் பதினைந்து என்றால் வாசல் நிறைந்துவிடும், விதி அதுவேதான்.

இதனை வெறும் ஒப்புமையாக நான் சொல்லவில்லை. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களுடன் கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டு கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் வகுப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்பது அதன் கருத்து. ஒரு குறியை எடுத்து, அதற்குப் பதில் எந்தக் குறிகளை எந்த வரிசையில் இடலாம் என்று விதி செய்ய வேண்டும்; அவ்விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் வளரும். நோம் சோம்சுகி 1950களில் வாக்கியங்களுக்குக் கூறிய முறையை நீளவாக்கில் மட்டுமன்றி, நீளம் அகலம் இரண்டும் உடைய கட்டங்களுக்கு விரித்தது இவர்களுடைய பணி. ஏறத்தாழ அதே காலத்தில், 1971இல், ஜார்ஜ் ஸ்டைனி, ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் இருவர் 'வடிவ இலக்கணம்' என்ற கருத்தை மேல்நாட்டில் முன்வைத்தனர். ஸ்டைனியும் வில்லியம் மிச்சலும் 1980இல் முகலாயத் தோட்டங்களின் அமைப்புக்கே இலக்கணம் எழுதினார்கள். மேல்நாட்டுக் கட்டடக்கலை மாணவர்கள் இவ்விருவரையும் படிக்கிறார்கள். தாம்பரத்துக் கட்டுரையை நம் மாணவர்களில் எத்தனை பேர் படித்திருப்பர்? தமிழ்த்துறை நண்பர்களும் கணிதத்துறை நண்பர்களும் ஒன்றாக அமர்ந்து படிக்கத்தக்க கட்டுரை அது.

சிற்பியின் கணக்கு

கோயிற் சிற்பியிடம் அளவு கேட்டால் அவர் அடியிலோ மீட்டரிலோ தொடங்குவதில்லை. உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் முழு உயரம் 124 பங்கு. முகம் எத்தனை பங்கு, மார்பு எத்தனை பங்கு என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். மத்திம தசதாலத்துக்கு 120, அதம தசதாலத்துக்கு 116. ஒரு பங்கு ஒரு விரற்கடையாக இருந்தாலும் சரி, ஒரு முழமாக இருந்தாலும் சரி, உருவம் சிதையாது. கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி வடிவமைத்து, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறந்து வைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையை எண்ணிப் பாருங்கள். அதிகாரங்கள் 133, மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம். பீடம் 38 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்து 95. சிலை 95 அடி. ஒரு நூலின் அமைப்பே கட்டடத்தின் துணையலகாக நின்றது.

மனைக்கு யோனி பார்ப்பது மற்றொரு கணக்கு. சுற்றளவை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பார்கள். மீதி 1, 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படையாக இருந்தால் நலம் என்பது மரபு. நலம் தீது என்பதை நம்புவோர் நம்பட்டும். இதிலுள்ள கணிதம் சுவையானது. சுற்றளவு முழு எண்ணாக இருந்து, அது இரட்டைப்படையானால் மீதி ஒருபோதும் ஒற்றைப்படை ஆகாது. நீளமும் அகலமும் முழு எண்களாக இருந்தால் சுற்றளவு எப்போதும் இரட்டைப்படைதான். எனவே யோனி பொருந்த வேண்டுமானால் நீள அகலங்களில் ஒன்றேனும் பின்னத்தில் வந்தே தீர வேண்டும்! எழுதாத கட்டளை ஒன்று எழுதிய கட்டளைக்குள் ஒளிந்திருப்பதற்கு இது நல்ல சான்று. ஸ்கிரிப்ட் எழுதுவோர் அடிக்கடி சந்திக்கும் நிலை இதுவே.

மேல்நாட்டு வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பார்சிலோனாவுக்கு அருகே கொலோனியா குயெல் தேவாலயத்துக்காக அந்தோனி கௌடி நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக்குண்டு நிரப்பிய சிறு பைகளைக் கட்டி, அத்தோற்றத்தைத் தலைகீழாக்கி வளைவுகளின் வடிவத்தைக் கண்டார். ஒரு பையை நகர்த்தினால் எல்லா நூல்களும் தாமே இடம் மாறும். கணிப்பொறி இல்லாத காலத்துத் துணையலகு வடிவமைப்பு அது. இத்தாலியரான லூயிஜி மொரெத்தி 1960இல் மிலான் நகரக் கண்காட்சியில், பார்வையாளரின் பார்வைக் கோணத்தைக் கணக்கிட்டு உருவாக்கிய விளையாட்டரங்க மாதிரிகளை வைத்தார். அமெரிக்காவில் ஐவன் சதர்லண்டு 1963இல் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை எழுதி, 'இவ்விரு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும்' என்று சொன்னால் திரையே அவற்றை இணையாக்கும்படி செய்து காட்டினார். 2007இல் டேவிட் ரட்டன் உருவாக்கிய 'கிராஸ்ஹாப்பர்' வந்த பிறகு, கட்டளை எழுத அஞ்சியவர்களும் பெட்டிகளைக் கம்பியால் இணைப்பதுபோல் இணைத்து இதைச் செய்யத் தொடங்கினர். அலைபோல் நெளியும் கூரைகளும், மீன் செதிள் போன்ற சுவர்களும் இதனால் பெருகின. அவற்றுள் பல கண்ணைக் கவர்வன; ஆனால் நெளிவதுதான் துணையலகு வடிவமைப்பு என்று மாணவர்கள் எண்ணிவிடுவது வருந்தத்தக்கது. நான்கு நேர்ச்சுவர் உடைய சிறு வீட்டுக்கு இம்முறை இன்னும் அதிகமாகவே பயன்படும்.

எழுபது என்பது விடை

கொல்லிமலைக்கு வந்து சென்றவர்கள் முதலில் சொல்வது காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத்தான். அந்த எண்ணை வேறு கண்ணால் பார்க்கலாம். சாலை நூறு மீட்டர் ஓடும்போது 6 மீட்டர் ஏறலாம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் மீட்டர் உயரம் ஏறச் சுமார் 17 கிலோமீட்டர் சாலை வேண்டும். மலையின் முகமோ அவ்வளவு அகலமில்லை. எனவே சாலை மடிந்து மடிந்துதான் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உட்புற ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு மலைச்சாலை விதி. வளைவில் ஏற்றமும் குறைவாக இருக்க வேண்டும். ஏற்றம், ஆரம், மலையின் முகம் ஆகியவையே கொடுக்கப்பட்டவை. வளைவுகளின் எண்ணிக்கை அவற்றிலிருந்து கிடைக்கும் விடை. வண்டிக்கு இன்னும் செங்குத்தான ஏற்றம் தாங்குமென்றால் எண் குறையும், தாங்காதென்றால் கூடும்.

சாலை போடுவோர் மலையைக் கேட்டுத்தான் போடுகிறார்கள். மேலே போனால் வயல்களும் அப்படியே. குண்டூர் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் படிப்படியாக இறங்கும் வயல்களைப் பார்த்தால், சரிவு குறைந்த இடத்தில் தட்டு அகலமாகவும், சரிவு மிகுந்த இடத்தில் ஒடுங்கியும் இருக்கும். தட்டின் அகலத்தைச் சரிவால் பெருக்கினால் வரும் உயரமே இரண்டு வயல்களுக்கிடையே உள்ள வரப்பின் உயரம். வரப்பு நிற்கும் உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டாகையால், சரிவு கூடினால் அகலம் குறைந்தே ஆக வேண்டும்.

வீடு மட்டும் இப்போது மலையைக் கேட்பதில்லை. மூங்கில் தட்டி கட்டி மண் பூசிப் புல் வேய்ந்த வீடுகள் குறைந்து, கான்கிரீட் வீடுகள் பெருகி வருகின்றன. அது வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஒழுகாத கூரைக்கு மலைவாழ் மக்களும் உரியவர்களே. ஆனால் சமவெளியில் வரைந்த சதுர வரைபடத்தை அப்படியே சரிவில் கொண்டுபோய் வைக்கும்போது, வரைபடத்துக்காக மலையை வெட்ட வேண்டியிருக்கிறது. பொக்லைன் ஏறும் இடமானால் அரை நாளில் வெட்டிவிடுகிறார்கள். ஏறாத இடத்தில் மண்வெட்டியும் கடப்பாரையும்தான். வெட்டிய பின் வீட்டின் முதுகுப்புறம் மொட்டையாக நிற்கும் மண்சுவர் ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்பதை வரைபடம் சொல்வதில்லை.

கணக்கு

வீட்டின் பரப்பை 25 சதுர மீட்டர் என்று கொள்கிறேன். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு வகுத்த குறைந்த பரப்பு அது. மலைக்குள் செல்லும் பக்கத்தை அகலம் என்றும், சரிவுக்குக் குறுக்கே, அதாவது சம உயரக் கோட்டின் வழியே, செல்லும் பக்கத்தை நீளம் என்றும் வைத்துக்கொள்வோம். சரிவு என்பது ஒரு மீட்டர் நடந்தால் எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்னும் எண்.

தளத்தைச் சமமாக்க வெட்டும் மண் முக்கோணப் பட்டக வடிவில் இருக்கும். முக்கோணத்தின் அடி அகலம். உயரம் அகலத்தைச் சரிவால் பெருக்கியது. இதன் பரப்பை நீளத்தால் பெருக்க மண்ணின் கன அளவு கிடைக்கும். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் வீட்டின் பரப்பு அல்லவா? அதை இட்டுச் சுருக்கினால் வருவது:

மண் = பரப்பு × அகலம் × சரிவு ÷ 2

பரப்பும் சரிவும் நம் கையில் இல்லை. மாற்றக்கூடியது அகலம் ஒன்றே. அகலத்தைப் பாதியாக்கினால் மண்ணும் பாதியாகிறது. வீட்டின் தரையை இரண்டு தட்டுகளாகப் பிரித்தாலும் மண் பாதியாகும். எத்தனை தட்டோ அத்தனையால் வகுத்துக்கொள்ள வேண்டும். (வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டித் தளத்தை நீட்டும் வழக்கமும் உண்டு. கொட்டிய மண்மேல் அடித்தளம் அமைப்பதை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை.)

இவ்வளவோடு நின்றால் விடை வேடிக்கையாகப் போய்விடும். மண் குறைய வேண்டும் என்று மட்டும் கணிப்பொறிக்குச் சொன்னால் அது அகலத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு முழ அகலத்தில் தொடர்வண்டி போன்ற வீட்டைக் காட்டும். தட்டுகளின் எண்ணிக்கையைக் கட்டின்றி விட்டாலோ, நூறு தட்டு, ஆயிரம் தட்டு என்று சென்று, முடிவில் சரிவே வீடு என்று சொல்லும். இயந்திரம் அறிவற்றது என்பது இதன் பொருளன்று. கேட்டதற்கு அது நேர்மையாக விடை சொல்கிறது. ஆகவே சுவரின் செலவையும் சேர்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் மண் வெட்டும் செலவு, ஒரு மீட்டர் நீளச் சுவர் எழுப்பும் செலவில் பாதி என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். பாறை நிலமானால் இந்த எண் கூடும். இளக்கமான மண்ணானால் குறையும். இப்போது,

மொத்தச் செலவு = மண் ÷ 2 + சுற்றுச்சுவரின் நீளம்

செலவை ரூபாயில் சொல்லாமல் 'சுவர் மீட்டர்' என்னும் அலகில் சொல்கிறேன். விலைவாசி ஏறினாலும் கட்டுரை பழையதாகாது! வகை நுண்கணிதம் தெரிந்தவர்கள் இதன் சிறுமத்தைத் தாளிலேயே காணலாம். சமதளத்தில் விடை சதுரம்: 5 மீட்டருக்கு 5 மீட்டர். சமவெளிக்காரர் சதுரம் வரைந்தது சமவெளிக்குச் சரியே. பத்துக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவில் அகலம் 4.4, நீளம் 5.7 ஆகிறது. நான்குக்கு ஒன்று என்றால் அகலம் 3.7, நீளம் 6.8. இரண்டுக்கு ஒன்று என்ற கடுஞ்சரிவில் அகலம் 3.1, நீளம் 8.1. சரிவு கூடக் கூட வீடு மலையைக் குத்துவதை விட்டுக் குறுக்கே படுத்துக்கொள்கிறது. வயல் தட்டுகள் ஒடுங்குவதுபோலவே.

ஸ்கிரிப்ட்

வகை நுண்கணிதம் கைகொடுப்பது கணக்கு எளிதாக இருக்கும் வரையில்தான். நிபந்தனைகள் சேரச் சேரக் கட்டளைத் தொடரே வசதி. கட்டளைகளைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: அகலத்தை 2.4 மீட்டரில் தொடங்கு. 10 சென்டிமீட்டராகக் கூட்டி 5 மீட்டர் வரை செல். ஒவ்வோர் அகலத்துக்கும் நீளம், மண், வெட்டின் உயரம், சுவர், செலவு ஆகியவற்றைக் காண். ஒரு தட்டின் அகலம் 2.4 மீட்டருக்குக் குறைந்தால் கட்டில் போட்டு நடக்க இடமிராது, விலக்கு. மற்றவற்றுள் செலவு குறைந்ததை எழுது. மொத்தம் 27 அகலங்கள். இரண்டு தட்டு அமையக்கூடியவை மூன்று. ஆக 30 வீடுகள். கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதில் கையாலேயே செய்துவிடலாம். கணிப்பொறிக்கு இமைப்பொழுது. பைத்தான் மொழியில் முப்பது வரிக்குள் அடங்கும். வடிவத்தைத் திரையில் பார்க்க விரும்பினால் ஓப்பன்ஸ்கேட், ஃப்ரீகேட் போன்ற விலையில்லா மென்பொருள்கள் உள்ளன. சாதாரணக் கணிப்பொறியிலேயே ஓடும்.

இரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்குக் கிடைத்த விடைகளைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சதுர வீட்டுக்கு மண் 31 கன மீட்டருக்குச் சற்று மேல், செலவு 35.6. செலவு மிகக் குறைந்த 3.1 மீட்டர் அகல வீட்டுக்கு 32. மிச்சம் பத்தில் ஒரு பங்கு. இதற்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஆனால் அடுத்த வரியைப் படியுங்கள். சதுர வீட்டின் முதுகில் மண்வெட்டின் உயரம் இரண்டரை மீட்டர். ஆள் உயரத்துக்கும் மேல். மற்றதில் 1.6 மீட்டருக்குள். செலவு பத்தில் ஒன்றுதான் குறைந்தது. ஆபத்தான வெட்டின் உயரமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. செலவை மட்டுமே கேட்டிருந்தால் இந்த வேறுபாடு நம் கண்ணில் பட்டிருக்காது.

எனவே கட்டளைத் தொடரில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: வெட்டின் உயரம் 1.2 மீட்டரைத் தாண்டினால் விலக்கு. இது நானாக வைத்துக்கொண்ட வரம்பு. ஓரிடத்து மண்ணுக்கு எது பொருந்தும் என்பதை அங்குள்ள மண்ணை அறிந்தவரே கூற வேண்டும். இவ்வரி சேர்ந்ததும் 30 வீடுகளுள் இரண்டே எஞ்சுகின்றன. முதலாவது, 2.4 மீட்டர் அகலமும் 10.4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே தட்டு வீடு. செலவு 33.1. இரண்டாவது, 4.8 மீட்டர் அகலமும் 5.2 மீட்டர் நீளமும் கொண்டு, நடுவில் 1.2 மீட்டர் ஏற்றத்தோடு இரண்டு தட்டாக அமைந்த வீடு. தட்டுகளுக்கிடையே வரும் சுவரையும் கூட்டினால் செலவு 32.7. வெட்டும் மண் இரண்டுக்கும் 15 கன மீட்டர்தான். சதுர வீட்டுக்கு ஆவதில் பாதிக்கும் குறைவு. இரண்டுமே சதுர வீட்டைவிடச் செலவு குறைந்தவை! பாதுகாப்பான வீடு விலை கூடியது என்ற பேச்சு, குறைந்தது இக்கணக்கின் எல்லைக்குள், நிற்கவில்லை.

இவ்விரண்டில் எதைத் தேர்வது? வேறுபாடு அரை மீட்டர்ச் சுவருக்கும் குறைவு. இங்கே கணிப்பொறிக்கு வேலையில்லை. இரண்டு தட்டு வீட்டில் நடுவே எட்டுப் படி ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலியோடு வாழும் ஆத்தாவுக்கு அது பகைவீடு. ஒற்றைத் தட்டு வீட்டில் படியே இல்லை. ஆனால் பத்தரை மீட்டர் நீளத்துக்கு மனை வேண்டும், பங்காளியின் எல்லை இடையில் வரக்கூடும். சமையலறைப் புகை எந்தப் பக்கம் போகும், ஆட்டுப்பட்டி எங்கே, மிளகு காயப் போடும் களம் எங்கே என்பனவும் இருக்கின்றன. இவற்றுள் சிலவற்றை விதியாக்கிச் சேர்க்கலாம். படிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைப்பது ஒரு வரியில் முடியும் செயல். பங்காளியின் எல்லையையும் எண்ணாக எழுதிவிடலாம். பங்காளியின் மனத்தை எழுத முடியாது. துணையலகைத் தேர்ந்தெடுப்பவர் எவரோ அவரே வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார். கணக்கு அதற்குப் பின் வருவது. வீட்டில் குடியிருக்கப் போகிறவரைக் கேளாமல் அறையில் அமர்ந்து துணையலகுகளை முடிவு செய்தால், பழைய சதுர வரைபடத்துக்கும் புதிய ஸ்கிரிப்டுக்கும் வேறுபாடு அதிகமிராது.

அளந்து வர வேண்டியவை

இக்கணக்கில் இன்னும் சேர்க்க வேண்டியதில் முதன்மையானது மழைநீர். மேற்சரிவிலிருந்து இறங்கும் நீர் வீட்டின் முதுகுச் சுவரில் மோதி நின்றால் எந்தச் சிறுமமும் உதவாது. வெட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒரு வாய்க்கால் விட வேண்டும். அதன் அகலம் கூடினால் வெட்டும் அகலம் கூடும், வெட்டின் உயரமும் ஏறும். வாய்க்காலுக்கு 60 சென்டிமீட்டர் விட்டால், இரண்டுக்கு ஒன்று சரிவில் வெட்டு 30 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். மேலே சொன்ன ஒற்றைத் தட்டு வீட்டின் 1.2 மீட்டர் 1.5 ஆகிறது. நீண்ட வீட்டுக்கு நீண்ட வாய்க்கால் வேண்டும் என்பதால், சற்றுமுன் சமமாக நின்ற இரண்டு வீடுகளில் தட்டு வீட்டின் பக்கம் தராசு சிறிது சாயும். நிலையான முடிவு என்று எதையும் சொல்லாமல், ஒரு வரி சேர்த்தால் எது எப்படி நகர்கிறது என்று காட்டுவதே இம்முறையின் சிறப்பு.

சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நிறமற்ற டியூப் போதும். அதில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, சரிவின் போக்கிலேயே கிடையாக 4 மீட்டர் இடைவெளியில் நட்ட இரண்டு கம்புகளில் இரு முனைகளையும் பிடித்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அம்மட்டத்தின் உயரம் கீழ்க்கம்பில் 1.7 மீட்டர், மேற்கம்பில் 0.7 மீட்டர் என்றால் ஏற்றம் 1 மீட்டர். சரிவு நான்குக்கு ஒன்று. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு மனைக்கு கால் மணி நேரம். சரிவு, சம உயரக் கோட்டின் வழியே மனைக்குள்ள நீளம், ஒரு முழ ஆழத்தில் இருப்பது மண்ணா பாறையா என்னும் குறிப்பு ஆகிய மூன்றையும் மனைவாரியாக ஒரு நோட்டில் எழுதிவந்தால், கட்டளைத் தொடருக்கு வேண்டிய தொடக்க எண்கள் கிடைத்துவிடும். மலையிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை பத்து மீட்டர் டியூபும், அளவு நாடாவும், ஒரு நோட்டும்.